கழுவிய வால்வு

சாய்ந்தமருது, மாளிகைக்காடு பள்ளிவாசல்களின் நம்பிக்கையாளர் சபைகளுக்கும், உலமாக்களுக்கும், ஜனாஸாக் காரியங்களை முன்னின்று செய்யும் சகோதர சகோதரிகளுக்கும் ஒரு திறந்த மடல்



பழுதான இதயத்தையும் அடைபட்ட இரத்தக் குழாயையும் செப்பனிட, உயிருள்ள இழையத்தை ஆய்வுகூடத்தில் வளர்த்தெடுக்கும் வேலையைப் பற்றி இந்த மடல். அதை டொக்டர்மாருக்கல்லவா எழுத வேண்டும், பள்ளிவாசல் நிர்வாகத்துக்கும் மையித்துக் குளிப்பாட்டுவோருக்கும் ஏன் என்று கேட்பீர்கள். அந்த ஆய்வுகூடங்களின் உள்ளே எட்டிப் பார்த்தால் காரணம் விளங்கும். அங்கே ஒளிரும் கருவிகள் பல இருந்தாலும், வேலை தொடங்குவது பெரும்பாலும் ஒரு மனிதர் இறந்தபின் விட்டுச் சென்ற ஒரு துண்டு இழையத்தில் இருந்துதான். இந்தச் சிகிச்சைகள் நம் கரைக்கு வரும்போது வாங்கிக்கொள்ள நாம் தயங்கப் போவதில்லை. கொடுப்பதைப் பற்றி மட்டும் நம் மிம்பர்களில் பேச்சு எழுவது அரிது. அந்தப் பேச்சை இப்போதே தொடங்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அதற்கான ஆதாரங்களையும், அதற்கு எதிராக நியாயமாகச் சொல்லக்கூடியவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் நோய். ருமாட்டிக் காய்ச்சல் சிறுவயதில் ஒரு தொண்டை நோவாகத் தொடங்கும். மூட்டுகளை வீங்க வைக்கும், பிறகு அடங்கிவிட்டது போலத் தோன்றும். ஆனால் பலருக்கு அது இதயத்தின் வால்வில் போய் உட்கார்ந்துகொள்கிறது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, மாடிப்படி ஏற மூச்சு வாங்கும்போதோ, முதல் கர்ப்பத்தின்போதோதான் அது தெரியவரும். வால்வை மாற்ற வேண்டுமென்றால் இன்று பெரும்பாலும் கையில் உள்ள வழிகள் இரண்டு. ஒன்று, இயந்திர வால்வு. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் உருவாகி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு நம் பிராந்தியத்தின் பெருமை. குறைந்த விலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் எந்த இயந்திர வால்விலும் இரத்தம் உறையப் பார்க்கும். அதனால் வாழ்நாள் முழுக்க வார்ஃபரின் மாத்திரை. வார்ஃபரின் குடிப்பவரின் கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தால் வாழ்க்கை முழுவதும் இரத்த உறைவை அளக்கும் எண்களாக எழுதப்பட்டிருப்பது தெரியும்: இந்த மாதம் 2.4, அடுத்த மாதம் 4.1, உடனே அளவைக் குறை, பிறகு 1.7, மறுபடி கூட்டு. கீரை கூடினால் எண் இறங்கும். காய்ச்சல் வந்து அன்டிபயோட்டிக் குடித்தால் ஏறும். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய சிக்கல், கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் அந்த மாத்திரை சிசுவின் உருவத்தைப் பாதிக்கக்கூடியது. மாத்திரையை நிறுத்தினால் தாயின் வால்வில் உறைகட்டி விழலாம். இரண்டு உயிருக்கும் நடுவே மருத்துவர் கத்தி முனையில் நடக்கிறார்.

இரண்டாவது வழி பன்றி அல்லது மாட்டு இழையத்தில் செய்த வால்வு. குளுட்டரால்டிஹைட் எனும் இரசாயனத்தில் ஊறவைத்துப் பதப்படுத்துவார்கள். தோலைப் பதனிடுவதும் கிட்டத்தட்ட இதே தத்துவம்தான். வார்ஃபரின் தொல்லை பெரும்பாலும் இல்லை. ஆனால் அது செத்த பொருள். இளவயதினரின் உடலில் அதன்மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும், சில வருடங்களில் விறைத்துப்போகும். பிள்ளை வளரும், வால்வு வளராது. எட்டு வயதில் பொருத்திய அளவு பதினைந்து வயதில் போதாது. நெஞ்செலும்பை மறுபடி பிளக்க வேண்டும், பிறகு இன்னொரு முறை. நம்மூர்க் குடும்பங்கள் இரவு பஸ்ஸேறிக் கொழும்புக்குப் போய் வாட்டு வாசலில் காத்திருக்கும் அந்தப் பயணத்தை மூன்று தடவை பெருக்கிக்கொள்ளுங்கள்.

இதனால்தான் உயிருள்ள வால்வு என்ற எண்ணம் பிறந்தது. லண்டனில் டொனால்ட் ரோஸ் 1962இல் இறந்த ஒருவரின் வால்வை எடுத்து நோயாளிக்குப் பொருத்தினார். 1967இல் இன்னும் துணிந்து, நோயாளியின் சொந்த நுரையீரல் நாடி வால்வைப் பெயர்த்து, வேலை அதிகமான பெருநாடி வாசலில் வைத்தார். காலியான இடத்துக்கு இறந்தவரின் வால்வு. சொந்த வால்வு உயிரோடிருப்பதால் பிள்ளையோடு சேர்ந்து வளர்ந்தது. காலியான இடத்தில் வைத்த மனித வால்வுதான் பின்னாளில் சிக்கல் கொடுத்தது. கொடுத்தவரின் கலங்கள் அதில் ஒட்டியிருக்க, பெறுபவரின் உடல் அவற்றை அந்நியமாகக் கண்டு தாக்கியது. அப்படியென்றால் அந்தக் கலங்களையெல்லாம் கழுவி எடுத்துவிட்டு, வலை போன்ற கட்டமைப்பை மட்டும் வைத்தால்? பெறுபவரின் கலங்கள் வந்து குடியேறாதா? இழையப் பொறியியல் என்று பெரிய பெயரில் சொல்வதன் மையத்தில் இருப்பது இந்த எளிய கேள்விதான்.

அந்தக் கழுவலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். இறந்தவரிடமிருந்து எடுத்த இதயத்தில் வால்வுகளை வட்டமாக வெட்டியெடுத்து, சவர்க்காரம் போன்ற கரைசலில் மெல்ல ஆட்டிக்கொண்டே வைப்பார்கள். கலங்களின் சுவர் உடைந்து உள்ளிருப்பது கசியும். பிறகு உப்பு நீரில் பலமுறை அலசல். இளஞ்சிவப்பாக இருந்த வால்வு கடைசியில் பால் வெள்ளையாகி, வெளிச்சத்தில் பிடித்தால் ஊடாகத் தெரியும் அளவுக்குத் தெளிந்துவிடும். அதன் மூன்று இதழ்களும் நீரில் மூடித் திறப்பது அப்படியே இருக்கும். மையித்தைக் குளிப்பாட்டுவோருக்கு இதைச் சொல்லும்போது, ஒற்றைப்படை எண்ணிக்கையில், பொறுமையாக, எதையும் விட்டுவிடாமல் அலசும் ஒரு வேலையின் அருமை அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

இந்தக் கழுவல் எப்போதும் நல்லபடி முடிந்தது என்று நான் சொன்னால் உங்களை ஏமாற்றுவதாகும். வியன்னாவில் கழுவிய பன்றி வால்வுகளை நான்கு சிறுவர்களுக்குப் பொருத்தினார்கள். மூவர் இறந்தார்கள்: ஒருவர் ஏழாம் நாள், ஒருவர் ஆறாம் வாரம், ஒருவர் ஒரு வருடத்தில். நான்காமவரின் வால்வை முன்னெச்சரிக்கையாக எடுத்துவிட்டார்கள். 2003இல் வெளியான அந்த அறிக்கை இந்தத் துறையையே உலுக்கியது. கழுவல் முழுமையாகவில்லை, பன்றியின் இழையத்துக்கே உரிய அந்நியச் சர்க்கரை மூலக்கூறுகளை மனித உடல் விடவில்லை, குடியேறும் என்று எதிர்பார்த்த கலங்கள் குடியேறவில்லை. அதே காலத்தில் ஜெர்மனியின் ஹனோவரைச் சேர்ந்த குழு மனித வால்வுகளைக் கழுவத் தொடங்கியிருந்தது. 2002இல் மோல்டோவாவின் கிஷினாவ் நகரில் இரண்டு பிள்ளைகளுக்குப் பொருத்தினார்கள். பிறகு ஐரோப்பாவின் பல மருத்துவமனைகள் சேர்ந்து இதைத் தொடர்ந்து கவனித்தன. கழுவிய மனித வால்வு, வழமையான மனித வால்வையும் மாட்டின் கழுத்து நாளத்தில் செய்த வால்வையும் விட நீடித்து நின்றது, மறு சத்திரசிகிச்சை குறைந்தது. வியன்னாவில் நடந்ததற்குக் கழுவியவர்களின் தவறும் ஒரு பங்கு என்பதை மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எவருடைய இழையத்தில் தொடங்குகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பது கண்ணுக்கு முன்னே நிற்கிறது.

இரத்தக் குழாயின் கதையும் அங்கேதான் போய் முடிகிறது. சீனி வருத்தம் நம் வீடுகளில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலின் நாடி அடைபட்டு விரல் கறுக்கும்போது, மாற்றுக்குழாய் போட நோயாளியின் சொந்தத் தொடை நாளத்தையே எடுப்பார்கள். அது ஏற்கெனவே இதய பைபாஸுக்குப் போயிருக்கலாம், அல்லது கெட்டிருக்கலாம். செயற்கைக் குழாய் இருக்கிறது. மெல்லிய அளவில் அது அடைபடும், கிருமி பிடித்தால் எடுக்கவே வேண்டிவரும். டயலிசிஸ் செய்வோரின் கையில் குழாய் வைக்கும்போதும் இதே தொல்லை. அமெரிக்காவில் லோரா நிக்லசன் என்ற மருத்துவர் 1999இல் பன்றிக் கலங்களிலிருந்து ஒரு நாடியை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார். அவர் தொடங்கிய ஹியூமசைட் நிறுவனம் இருபத்தைந்து வருடம் கழித்து, 2024 டிசம்பரில், சிம்வெஸ் என்ற குழாய்க்கு அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் அனுமதியைப் பெற்றது. விபத்திலும் போரிலும் நாடி கிழிந்து கை கால் போகும் நிலையில், வேறு வழி இல்லாதபோது பயன்படுத்த. யுக்ரேன் போர்க்களத்துக் காயங்களுக்கும் இதைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆறு மில்லிமீற்றர் அகலம், ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த நீளம். கரைந்துபோகும் ஒரு நூல் வலையில் கலங்களை விதைத்து, துடிக்கும் நீரோட்டத்தில் வாரக்கணக்கில் வளர்த்து, கடைசியில் கலங்களைக் கழுவி எடுத்துவிடுகிறார்கள். அந்த விதைக் கலங்கள் எங்கிருந்து வந்தன? உறுப்புத் தானம் செய்து இறந்தவர்களின் பெருநாடியிலிருந்து. ஒரு கொடையாளியின் கலங்களிலிருந்து பெருந்தொகைக் குழாய்களை வளர்க்க முடிகிறது என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு கொடையாளி இல்லாமல் ஒன்றுகூட இல்லை.

இதயத் தசையில் வைக்கும் ஒட்டுத்துண்டுகளும் இப்படித்தான். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு 2025 ஜனவரியில், குரங்குகளிலும் ஒரு நோயாளியிலும் ஆய்வுகூடத் தசை தங்கி நின்றதை அறிவித்தது. அதுவும் வேறொருவரின் கலத்தில் தொடங்கியதே.

இனி உங்கள் பக்கத்திலிருந்து எழக்கூடியவை. முதலாவதாகப் பன்றி. இந்தச் சந்தேகமே மற்றக் கேள்விகளை மறைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். திறந்த இதயச் சத்திரசிகிச்சை எதுவாயினும், இரத்தம் உறையாமலிருக்க ஹெபரின் செலுத்துவார்கள். அதில் பெரும்பகுதி பன்றிக் குடலிலிருந்து வருவது. நிர்ப்பந்த நிலையில் அது அனுமதிக்கப்பட்டதென்று நம் உலமாக்களே சொல்வார்கள். இன்னும் பின்னால் போனால், நம் மத்ரஸாக்களில் ஓதிக்கொடுக்கும் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் நவவி, கிட்டத்தட்ட 750 வருடங்களுக்கு முன், உடைந்த எலும்பை அசுத்தமான எலும்பால் ஒட்டுவது பற்றிப் பேசியிருக்கிறார். சுத்தமானது கிடைக்காதபோது அப்படி ஒட்டியவர் மன்னிக்கப்பட்டவர் என்பது அவரது தீர்ப்பு. ஒட்டு இழையம் மேற்கிலிருந்து நேற்று வந்த பிரச்சினை என்று எண்ணுவோர் அந்தப் பக்கத்தை மறுபடி புரட்டலாம். என் கவனம் போவது அந்தத் தீர்ப்பின் நிபந்தனைக்கு: சுத்தமானது கிடைக்காதபோது. மனித வால்வு கிடைக்கும் வழியை நாமே அடைத்து வைத்துக்கொண்டு, கிடைக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே இருக்க முடியுமா? மரபணு மாற்றிய பன்றியின் முழு இதயத்தை 2022 ஜனவரியில் மேரிலாண்டில் ஒருவருக்குப் பொருத்தினார்கள். இரண்டு மாதத்தில் அவர் இறந்தார். பன்றி வழியில் விஞ்ஞானமே இன்னும் தட்டுத்தடுமாறித்தான் நடக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. உடல் அல்லாஹ்வின் அமானிதம், மையித்தின் எலும்பை உடைப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை உடைப்பது போல என்ற போதனையில் வளர்ந்தவர்கள் நாம். மனித எலும்பின் கண்ணியம் கருதி ஷாஃபிஈ உரைகாரர்களே அதைத் தனியாக வைத்துப் பேசினார்கள். இன்றும் ஒருமித்த கருத்து இல்லை: ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி 1988இல், இறந்தவர் உயிரோடிருக்கையில் அல்லது அவரது வாரிசுகள் சம்மதித்தால் உறுப்பை இன்னொருவருக்குப் பொருத்தலாம் என்று நிபந்தனைகளோடு தீர்மானித்தது. மறு வருடம் இந்தியாவின் இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மரணத்துக்குப் பிந்திய தானத்துக்கு எழுதிவைக்கும் வஸிய்யத்தை ஏற்கவில்லை. இரண்டு பக்கத்திலும் தக்வா உள்ள அறிஞர்கள் இருக்கிறார்கள். எவர் சரி என்று ஒரு கட்டுரையாளன் தீர்ப்புச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். நான் கேட்பது, இந்தக் கருத்து வேறுபாடு நம்மூர் மக்களுக்கு முன் திறந்து வைக்கப்பட வேண்டும் என்பதுதான். மக்களுக்கு இப்போது தெரிவது ஒரு மௌனம் மட்டும். மௌனத்தை அவர்கள் தடை என்று படித்துக்கொள்கிறார்கள். இன்னொன்று: வால்வுக்கு மூளைச்சாவு பற்றிய சர்ச்சை தேவையில்லை. இதயம் நின்று, மௌத்து நிச்சயமான பிறகு, உடலைக் குளிரூட்டி வைத்திருந்தால் பல மணி நேரம் கழித்தும் வால்வை எடுக்கலாம். சிறுநீரகத்துக்கும் முழு இதயத்துக்கும் எழும் அந்தக் கடினமான கேள்வி இங்கே எழுவதில்லை.

ஜனாஸாவைத் தாமதிக்கக் கூடாதே என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிரதான வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்தில் போன இளைஞனின் மையித்தை எண்ணிப் பாருங்கள். மரண விசாரணை அதிகாரி வரவேண்டும், பெரும்பாலும் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனையும் நடக்கும். நெஞ்சு எப்படியும் திறக்கப்படுகிறது, நேரம் எப்படியும் போகிறது. உலகின் பல வால்வு வங்கிகள் இப்படிப்பட்ட உடல்களிலிருந்தே குடும்பத்தின் சம்மதத்தோடு வால்வு பெறுகின்றன. எடுத்தபின் நெஞ்சைத் தைத்துவிடுவார்கள். கபனுக்கு வெளியே எந்த மாற்றமும் தெரியாது.

மூன்றாவது மறுப்பைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன், அதை எவரும் மேடையில் உரத்துச் சொல்வதில்லை. நம் மையித்தை இந்த அரசின் கையில் நம்பிக் கொடுப்பதா? 2020 ஏப்ரலில் வர்த்தமானி அறிவித்தலால் கட்டாயமாக்கி, கொவிட் நோயால் இறந்தோரை எரித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று சொல்லியும் எரித்தார்கள். பிறந்து இருபது நாளான சிசுவையும் எரித்தார்கள். 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. அதுவும் ஓட்டமாவடி மஜ்மா நகரில் மட்டும், பெற்றவர்கள் தூரத்தில் நின்று பார்க்க. 2024இல் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்தக் காயத்தை மன்னிப்பு ஆற்றிவிடாது. ஆனால் அங்கே நடந்தது என்ன? சம்மதமில்லாமல் எடுத்தார்கள். நான் சொல்வது முற்றிலும் சம்மதத்தில் நிற்கும் ஒன்று. அந்தக் காயம் நமக்குக் கற்றுக்கொடுத்தது நிபந்தனைகளை எழுத்தில் கேட்க வேண்டும் என்பதை: எத்தனை மணி நேரத்துக்குள் மையித்து திரும்ப வேண்டும், பெண் மையித்தைப் பெண்களே கையாள வேண்டும், வால்வு போக மிஞ்சிய இதயம் மையித்தோடு சேர்த்துத் தரப்பட வேண்டும், எவருக்கும் விற்கப்படக் கூடாது. 1987இன் மனித இழையங்கள் மாற்றுப் பொருத்தல் சட்டம் சம்மதத்தை எழுத்தில் கேட்கிறது. அந்த எழுத்தில் நம் வாசகத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்காமல் எதுவும் வராது.

ஆய்வுகூடம் எல்லாவற்றையும் தானே வளர்த்துக்கொள்ளும் நாள் வரும், அதுவரை பொறுப்போமே என்பாரும் உண்டு. சிம்வெஸ் ஒன்றின் விலை பல்லாயிரம் டொலர். அதன் மருத்துவக் குறிப்பிலேயே, குழாய் கிழிந்து உயிராபத்தான இரத்தப்போக்கு ஏற்படலாம் என்ற கறுப்புக் கட்ட எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கிறது. அது நம் வாட்டுகளுக்கு வர நீண்ட காலமாகும். கழுவிய மனித வால்வுக்கு வேண்டியவை அவ்வளவு தூரத்தில் இல்லை: ஒரு சுத்தமான அறை, சவர்க்காரக் கரைசல், திரவ நைதரசன், பயிற்சி பெற்ற கைகள். அவ்வாறு உறையவைத்த வால்வு வருடக்கணக்கில் இருக்கும். இலங்கையில் 1996இலிருந்தே மனித இழைய வங்கி ஒன்று எலும்பு, தோல் போன்றவற்றைப் பதப்படுத்துகிறது. தமிழ்நாட்டில் 2008 செப்டெம்பரில், விபத்தில் மூளைச்சாவடைந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை டொக்டர்களான அவனுடைய பெற்றோர் கொடுத்தார்கள். சென்னையின் நெரிசலைப் போக்குவரத்துப் பொலிசார் ஒதுக்கிக் கொடுக்க, இதயம் பதினோரு நிமிடத்தில் கே.எம். செரியனின் மருத்துவமனைக்குப் போய் ஒன்பது வயதுச் சிறுமியின் நெஞ்சில் துடித்தது. இந்தியாவின் முதல் பைபாஸ் சத்திரசிகிச்சையை 1975இல் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் செய்தவரும் அதே செரியன்தான். தமிழ்நாடு முழுவதும் தானம் பற்றிப் பேசத் தொடங்கியது அந்தப் பதினோரு நிமிடத்துக்குப் பிறகு. விஞ்ஞானம் அதற்கு முன்பே அங்கே இருந்தது.

நம் நாட்டுக்கும் அப்படியொரு கதை இருக்கிறது, நாம் அதில் பெறுபவர் பக்கத்தில் இருக்கிறோம். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு விழிவெண்படலம் அனுப்பியிருக்கிறது. மிக அதிகம் பெற்ற நாடுகளில் பாகிஸ்தான் முன்னிற்கிறது. கராச்சியில் குர்ஆன் ஓதும் பல்லாயிரம் கண்களில் ஒரு பௌத்தரின் கண்மணியின் முன்திரை இருக்கிறது. அதை வாங்கியது ஹராம் என்று நம்மூரில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. வாங்குவது ஆகும், கொடுப்பது ஆகாது என்றால் அந்த வேறுபாட்டுக்கு ஒரு மார்க்கக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நான் தேடுகிறேன், உலமாக்களிடமிருந்து கேட்க ஆசைப்படுகிறேன்.

ஆகவே ஒரு கூட்டம் வையுங்கள். இஷாவுக்குப் பிறகு, அவசரமில்லாமல். கல்முனை அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலிருந்து ஒரு சத்திரசிகிச்சை நிபுணரையும், சட்ட வைத்தியம் தெரிந்த ஒருவரையும், கருத்தில் வேறுபடும் இரண்டு ஆலிம்களையும் அழையுங்கள். மேடையில் உள்ளவர்கள் சுருக்கமாகப் பேசட்டும். கேள்வி கேட்கும் முறையை முதலில் மையித்துக் குளிப்பாட்டும் பெண்களிடம் விடுங்கள். தைத்த நெஞ்சில் தண்ணீர் ஊற்றினால் கசியுமா, எத்தனை தடவை ஊற்றலாம், தையலுக்கு மேல் பஞ்சு வைத்தால் கபனில் படியுமா என்று அவர்கள் கேட்பார்கள். அதற்குச் சரியான பதில் சொல்லத் தெரிந்த டொக்டராகப் பார்த்து அழையுங்கள்.